சந்தையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வில்லாளி

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். நான். பிரவுசிங் சென்டர் ஓனர். நாவலூரிலிருந்து பைக்கில் வந்திருந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர். அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வந்த அவருடைய நண்பர். கடைசி கம்ப்யூட்டரில் பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த ஒரு கல்லூரிப் பெண். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த அவளுடைய அப்பா. வேறு யாரும் இல்லை. பணம் கைமாறும்போது யாரெல்லாம் பார்த்தார்கள் என்று எண்ணி வைத்துக்கொள்வது என் வழக்கம். நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் சாட்சி வேண்டும் அல்லவா.

யாருடைய சரக்கை விற்றேனோ, அவர் மட்டும் அங்கே இல்லை. அவரை நான் பார்த்ததே கிடையாது.

இது இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது. செங்கல்பட்டு ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் அந்த சென்டர் இருந்தது. பதினோரு கம்ப்யூட்டர்கள். அதில் நான்கில் ஆன்லைன் கேம் ஒன்று போட்டிருந்தார்கள். எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே வந்து, ஆளுக்கு ஓர் உருவம் எடுத்துக்கொண்டு, காட்டில் மிருகங்களை அடிப்பார்கள். அடித்தால் தோல், எலும்பு, கல், கவசம் என்று ஏதாவது விழும். அதை விற்றால் கோல்டு. கோல்டு சேர்ந்தால் நல்ல கத்தி வாங்கலாம். நல்ல கத்தி இருந்தால் இன்னும் பெரிய மிருகத்தை அடிக்கலாம். கேம் இவ்வளவுதான்.

எனக்கு அடிக்க வராது. பயம். திரைக்குள் இருக்கிற ஓநாய்தான், கடித்தால் வலிக்கப்போவதில்லை, இருந்தாலும் உள்ளங்கை வியர்த்துவிடும். பின்னால் ஏதாவது வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பதிலேயே முன்னால் வருவதிடம் செத்துப்போவேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முந்தின வாரம் வயிற்றுவலி என்று படுத்து, அதோடு பள்ளிக்கூடத்தையே விட்டவன் நான். மறைமலைநகரில் வண்டிப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இரண்டு வருஷம் இருந்தேன். பிரஸ் மெஷின் இறங்குகிற ஒவ்வொரு தடவையும் விரல்களை எண்ணிப் பார்த்துக்கொள்வேன். கான்ட்ராக்ட் முடிந்ததும் புதுப்பிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. வீட்டில் அண்ணன், கேட்பவர்களிடம், "கம்ப்யூட்டர் லைன்ல கீறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொய் என்று சொல்ல முடியாது.

அடிக்க வராதவனுக்கும் அந்த கேமில் ஒரு பிழைப்பு இருந்தது. ஊருக்கு நடுவில் ஒரு சந்தை. அங்கே உன் உருவத்தை உட்கார வைத்து ஒரு பட்டனை அழுத்தினால், தலைக்கு மேல் ஒரு பலகை வரும். என்ன சரக்கு, என்ன விலை என்று அதில் எழுதிவிட்டு எழுந்து போய்விடலாம். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் போதும், யார் வந்து வாங்கினாலும் கோல்டு தானாகச் சேரும். மத்தியான நேரத்தில் அந்தச் சந்தையில் நூற்றுக்கணக்கான பேர் வரிசை வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரும் அசைய மாட்டார்கள். பாதிக்கு மேல் முன்னால் ஆளே இல்லாத கம்ப்யூட்டர்கள். நான் மட்டும் எழுந்து போக மாட்டேன். கரண்ட் போய்விடுமோ, விலையில் ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டோமோ என்று நாள் முழுக்க அந்த அசையாத கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

காலையில் ஸ்கூல் பையன்கள் இல்லாத நேரத்தில் சரக்கு மலிவு. சாயந்திரமும் சனிக்கிழமையும் ஓஎம்ஆர் சாஃப்ட்வேர் கம்பெனி ஆட்கள் உள்ளே வந்தால் விலை ஏறும். காலையில் வாங்கி சாயந்திரம் விற்பேன். சேர்ந்த கோல்டை ரூபாய்க்கும் கொடுப்பேன். ஏமாற்று நிறைய நடந்ததால், பெரிய வியாபாரத்துக்கு வாங்குகிறவரே நேரில் வந்து, பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஓனர் முன்னால் பணத்தை எண்ணி வைத்த பிறகுதான் நான் திரையில் சரக்கைக் கொடுப்பேன். அடுத்தவர் சரக்கையும் விற்றுக் கொடுப்பேன், பத்துக்கு ஒன்று கமிஷன். என் பயத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் என்னை நம்பினார்கள். "இவன் காச அமுக்கினு எங்க ஓடுவான்? ரோட்ட கிராஸ் பண்றதுக்கே பத்து நிமிஷம் யோசிப்பான்" என்பார் ஓனர். அவரே இன்னொரு நாள், "ஒம்போது கோடி வச்சினு கீற, ஒரு டீ சொல்ல மாட்டேங்கறியே நைனா" என்பார். ஒன்பது கோடி கோல்டு என்பது அப்போது ஆயிரம் ரூபாய்கூட வராது.

அந்தச் சந்தையில் எனக்கு வலது பக்கத்து இடத்தில் ஒரு வில்லாளி வந்து உட்காருவார். வில்லாளி என்பது அவர் எடுத்த உருவம். பச்சைக் கவசம், முதுகில் நீளமான வில். காட்டில் அடித்துச் சேர்த்ததை எனக்கு மொத்தமாக விற்பார். வியாபாரம் முடிந்தும் போக மாட்டார். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துப் பேசிக்கொண்டிருப்போம்.

"இன்னா பாஸ், இன்னிக்கு நாஸ்தா?"

"இட்லி."

"எத்தினி?"

"நாலு."

"எனுக்கு ரெண்டு எட்த்து வச்சிருக்கலாம்ல."

இப்படித்தான். பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் மாமல்லபுரத்துப் பக்கம், நான் செங்கல்பட்டு, அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்களில் வீட்டில் அண்ணன், அண்ணி, கடையில் ஓனர் எல்லோரிடமும் சேர்த்துப் பேசியதைவிட அவரிடம் அதிகம் பேசினேன். காலை ஒன்பதரைக்கு அந்தப் பச்சைக் கவசம் சந்தைக்குள் நடந்து வருவதைப் பார்த்தால்தான் மூச்சு ஒழுங்காக வரும்.

மத்தியானம் மூன்று மணிக்கு அதே வில்லாளி வருவார், அப்போது பேச மாட்டார். சரக்கைப் போடுவார், கோல்டை எடுப்பார், போய்விடுவார். "கோவமா பாஸ்?" என்று கேட்டால் பதில் இருக்காது. அப்படிப்பட்ட மத்தியானங்களில் நான் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. காலையில் என்ன தப்பாகச் சொன்னோம்? விலை குறைத்துக் கேட்டோமா? நாலு இட்லியைப் பற்றிச் சொன்னது பெருமை அடித்துக்கொண்டதுபோல் பட்டுவிட்டதா? நினைவில் இருந்ததை ஒரு நோட்டில் எழுதி, வரி வரியாகப் படித்துப் பார்த்ததும் உண்டு. மறுநாள் காலையில் அவர் ஒன்றுமே நடக்காததுபோல், "தூங்கிட்டியா பாஸ்?" என்று ஆரம்பிப்பார். ஒரு தடவை கேட்டேவிட்டேன், மத்தியானத்தில் ஏன் பேசுவதில்லை என்று. "மத்தியானம் அடிக்கிற வேல பாஸ்" என்றார். சரி, வேட்டைக்குப் போகிற அவசரம் என்று எடுத்துக்கொண்டேன். முழுசாக நம்பினேன் என்றும் சொல்ல முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவர் வில், கவசம், இருந்த கோல்டு எல்லாவற்றையும் என்னிடம் போட்டார்.

"எல்லாத்தியும் வித்துடு பாஸ். வெளிநாட்டு வேல கெடச்சிருக்கு. மெடிக்கலுக்குப் பணம் கட்டணும். உன் நம்பர் குடு."

பேண்ட் பாக்கெட்டில் செல்போன் இருந்தது. அதற்கு முந்தின மாதம்தான் இன்னொருவனுடைய சரக்குப் பணத்தை, அவனுடைய நண்பன் என்று சொல்லிக்கொண்டு வந்த யாரோ ஒருவன் வாங்கிக்கொண்டு போய்விட, நம்பர் கொடுத்திருந்த வியாபாரியைச் சரக்குக்காரன் ராத்திரி பகலாகப் போனில் மிரட்டியிருந்தான். போன் இல்லை என்று அடித்தேன்.

"சரி. திங்கக்கெழம நேர்ல வந்து வாங்கிக்கிறேன். உன்ன பாத்தா மாதிரியும் இருக்கும்" என்றார். சென்டருக்கு வழி சொன்னேன்.

சனிக்கிழமைதான் நான் முதலில் சொன்ன அந்த ஆறு பேர் இருந்த நாள். நாவலூர்க்காரர் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் எண்ணி வைத்தார். ஓனர் ஒரு தடவை எண்ணினார், நான் மூன்று தடவை எண்ணினேன். அந்த வில் அவர் கைக்குப் போனதும் அவருடைய நண்பர் விசில் அடித்தார். ரிசல்ட் பார்க்க வந்த பெண்ணின் அப்பா மட்டும் நோட்டுகளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது எங்க சார் டெலிவரி பண்ணுவீங்க?" என்று கேட்டார். பணத்தை ஒரு பழுப்புக் கவரில் போட்டு நாலு இடத்தில் பின் அடித்தேன்.

திங்கட்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். நேரில் வந்தால் என்ன பேசுவது? "இட்லி சாப்டீங்களா" என்றா? ஒருமையில் பேசுவதா, "வாங்க" என்பதா? டீ சொன்னால் ஒன்றா இரண்டா? பதினொரு மணிக்கு மாடிப்படியில் சத்தம் கேட்டது. வந்தவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். முழங்கைக்குக் கீழே எண்ணெய் தெறித்த தழும்புகள். நான் மனதில் வைத்திருந்த ஆள் இவர் இல்லை.

"கட போட்ற பார்ட்டி யாரு இங்க?" என்றார்.

"இன்னா விஷயம்?" என்றார் ஓனர்.

"வில்லு வித்த பணம் வாங்க வந்தேன். அந்த வில்லாளி என்துதான்."

போன மாதம் நடந்தது ஞாபகம் வந்துவிட்டது. கவர் இருந்த பாக்கெட்டைக் கையால் மூடிக்கொண்டேன். "எந்த லெவல்?" என்று கேட்டேன். சொன்னார். "வில்லு எங்க கெடச்சிது?"

"பனிமலைக்குப் பின்னாடி. மூணு நாளு அதே எடத்துல நின்னு அட்ச்சேன். ஏன், பில்லு வோணுமா?"

ஓனர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இதெல்லாம் யாரும் விசாரித்துத் தெரிந்துகொள்ளக்கூடியது.

"வெள்ளிக்கெழம காலைல எங்கிட்ட இன்னா சொன்னீங்க?"

"காலைலயா? காலைல நான் வெங்காயம் உரிச்சிகினு இருப்பேன்."

"எங்கிட்ட பேசினதே இல்லியா?"

"உங்கிட்ட இன்னாத்த பேசறது? சரக்கு போடுவேன், எட்த்துகினு போவேன். இன்னா கோர்ட்டா இது?"

கீபோர்டை அவர் பக்கம் தள்ளினேன். "தெனமும் எங்கிட்ட அடிச்சிப் பேசறவர் நீங்கன்னா, ஒரு வரி அடிச்சிக் காட்டுங்க. பணத்த எடுத்துக்கோங்க."

அவர் கீபோர்டைப் பார்த்தார். கையைத் தூக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"லீவு சொல்லிட்டு பஸ் ஏறி வந்திருக்கேன்யா" என்றார். நான் கீபோர்டை இன்னும் கொஞ்சம் தள்ளினேன். "சரி வுடு. வச்சிக்கோ. நல்லா இரு."

படி இறங்கிப் போய்விட்டார்.

"பரவால்லியே நைனா, உனுக்குக்கூட கோவம் வருது" என்றார் ஓனர். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரை விரட்டியிருந்தேன். உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. உடனே உட்கார்ந்து வில்லாளிக்கு ஒரு செய்தி அனுப்பி வைத்தேன்: உன் பேரில் ஒரு திருடன் வந்தான், நான் விடவில்லை, பணம் பத்திரம், நீ எப்போது வருகிறாய்?

அந்தச் செய்திக்குப் பக்கத்தில் 'படிக்கப்படவில்லை' என்று காட்டுகிற சிவப்புப் புள்ளி மறுநாளும் இருந்தது. அடுத்த வாரமும் இருந்தது. காலையிலும் வரவில்லை, மத்தியானமும் வரவில்லை. என் வலது பக்கத்து இடத்தில் வேறு யாரோ ஒரு மந்திரவாதி வந்து உட்கார்ந்து எலும்பு விற்க ஆரம்பித்தான். கவரை வீட்டில் துணிகளுக்கு அடியில் வைத்து, காலையில் ஒரு முறை, தூங்கப்போகும் முன் ஒரு முறை தொட்டுப் பார்ப்பேன். மெடிக்கலுக்குப் பணம் கட்ட வேண்டும் என்றாரே, கட்டினாரா, எதை வைத்துக் கட்டினார் என்று நினைப்பு ஓடும். நம்பர் கொடுத்திருந்தால் இந்நேரம் ஒரு போன் வந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து, கேமை நடத்தியவர்கள் அதை மூடப்போவதாக அறிவித்தார்கள். தேதியும் நேரமும் போட்டிருந்தார்கள், பகல் பன்னிரண்டு மணி. கோல்டு விலை இரண்டே நாளில் படுத்துவிட்டது. என்னிடம் இருந்ததெல்லாம் போயிற்று. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை என்று இப்போது எழுதினால் நம்ப மாட்டீர்கள், ஆனால் எனக்கு இருந்த பயம் வேறு. எனக்குத் தெரிந்த அவருடைய ஒரே விலாசம் அந்தச் சந்தைதான். கடைசி நாளில் எல்லோரும் ஒரு தடவை வந்துபோவார்கள், அவரும் வருவார் என்று நம்பினேன்.

அன்று சந்தையில் யாரும் உட்காரவில்லை. எல்லோரும் நின்றுகொண்டு கோல்டைத் தரையில் கொட்டி விளையாடினார்கள். நான் மட்டும் பழைய இடத்தில் பலகை போட்டு உட்கார்ந்தேன். பலகையில் சரக்குப் பேருக்குப் பதிலாக, 'வில்லாளி, உன் பணம் என்கிட்ட இருக்கு' என்று எழுதினேன். யாரோ ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "எனக்குக் குடு, நான்தான் வில்லாளி" என்று அடித்தான். இன்னும் நாலு பேர் அதையே அடித்தார்கள். பன்னிரண்டு மணிக்குத் திரை அப்படியே நின்று, தொடர்பு துண்டிக்கப்பட்டது என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. 'ஓகே' என்கிற பட்டனைத் தவிர அதில் வேறு எதுவும் இல்லை.

"முட்ஞ்சிச்சா?" என்றார் ஓனர். "சரி, எழுந்து அந்த ஃபேனப் போடு நைனா."

மறுநாள் கவரை எடுத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் மாமல்லபுரம் போனேன். வெளிநாட்டுக்காரர்கள் மெயில் பார்க்கிற பிரவுசிங் சென்டர்கள் கடற்கரைக்குப் போகிற தெருக்களில் அப்போது நாலைந்து இருந்தன. ஒவ்வொன்றிலும் ஏறி, இந்த கேம் விளையாடுகிற வில்லாளி யாராவது இங்கே வருவாரா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். மூன்றாவது கடையில் இருந்தவர், "ஓ, அவங்க ரெண்டு பேரா?" என்றார்.

"ரெண்டு பேரா?"

"ஒரே அக்கவுண்டு, ரெண்டு பேரு. காலைல லாட்ஜுல நைட் டூட்டி முட்ச்சிட்டு ஒருத்தன் வருவான். மத்தியானம் ஓட்டல் குசினியிலேர்ந்து ஒருத்தன். கேமுக்கு வாங்கற கார்டு காசு பாதிப் பாதி."

அந்தக் கடைப் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். பேசுகிற காலைகள், பேசாத மத்தியானங்கள். நோட்டில் எழுதி எழுதித் தேடிய என் தப்பு எங்கேயும் இல்லை. என்னோடு பேசியவர் ஒருவர். அடித்துச் சேர்த்தவர் இன்னொருவர்.

ஓட்டல் பக்கத்துச் சந்தில் இருந்தது. பின்பக்கமாகப் போனேன். அவர் ஒரு கவிழ்த்த அண்டாவின் மேல் உட்கார்ந்து மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"இன்னா ஜட்ஜய்யா, இவ்ளோ தூரம்?"

"ரெண்டு பேருன்னு தெரியாதுண்ணா" என்றேன்.

"எனுக்கு எங்க இங்கிலீசு எழுத்து தெரியும்? அஞ்சாவதோட நின்னவன். அவன்தான் எல்லாம் அடிப்பான். அன்னிக்கு மெட்ராசுல பாஸ்போர்ட் ஆபீசுல மாட்டிகினான், நீ போய் வாங்கினு வாடான்னான். நீ என்னாடான்னா மிஷினு முன்னாடி உக்கார வச்சி பரீட்ச வச்சிட்ட." மீனைத் தண்ணீரில் அலசிப் போட்டார். கோபம் பழசாகிவிட்டதுபோல் தெரிந்தது. "லாட்ஜு மேனேஜர் கைல கால்ல வுழுந்து அட்வான்சு வாங்கி கட்னான். போய்ட்டான். அன்னிலேர்ந்து கார்டு போட காசு இல்ல, ரெண்டு பேருமே கேமுக்கு வர்ல."

"போன் நம்பர்?"

"போன ஒடனே ஒருவாட்டி பேசினான். அப்பறம் அந்த நம்பரு போவல."

"ஊரு?"

"விழுப்புரம் பக்கம். எந்த ஊருன்னு தெர்யாது. லாட்ஜுலயேதான் தூங்குவான், வூடுன்னு ஒண்ணு சொன்னதில்ல." பிறகு வெளிநாடு போனவருடைய பெயரைச் சொன்னார். அதுவரை எனக்கு அது தெரியாது. இங்கே எழுதவில்லை.

கேட்க வேண்டாம் என்று நினைத்தும் கேட்டேன். "என்னப் பத்தி எதுனா சொல்லுவாரா?"

"உன்னப் பத்தியா?" யோசித்தார். "செங்கல்பட்டுல ஒருத்தன் கீறான், பயந்த ஆளு, அவன்கிட்ட குட்த்தா காசு எங்கியும் போவாதுன்னான். அதான் எங்கியும் போவலியே." சிரித்தார்.

கவரை நீட்டினேன். கமிஷன் எடுக்கவில்லை, முழுசாக இருக்கிறது என்றேன். மீன் கையைத் துடைத்துக்கொண்டு, பின்களைப் பிரித்து, பாதியை எண்ணி எடுத்தார். மீதியைத் திருப்பி என் கையில் வைத்தார்.

"எல்லாத்தயும் நீங்களே வச்சிக்கோங்கண்ணா. அவர் பேசினா குடுங்க."

"அய்ய, எங்கிட்ட இருந்தா செலவாய்டும். எனுக்கு என்னப் பத்தித் தெரியும். உன்ன நம்பித்தான் குட்த்தான், நீயே குடு. மெயிலு கியிலு எதுனா போட்டுப் பாரு." உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். "டீ சாப்டறியா? பால் இல்ல. சரி, கெளம்பு, பஸ்ஸு போய்டும்."

லாட்ஜில் விசாரித்தேன். மேனேஜர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்று வருஷம் தொடர்ந்து, வேலை விஷயமாக விழுப்புரம் பக்கம் போகிறவர்களிடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லி விசாரிக்கச் சொன்னேன். அதே பெயரில் வேறு இரண்டு பேர் கிடைத்தார்கள். இரண்டு பேரிடமும் காலையில் என்ன பேசுவோம் என்று கேட்டேன், இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஓட்டல்காரரும் பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டார். அந்த மாடியில் இப்போது சென்டர் இல்லை. நான் ஒரு பேப்பர் ஏஜென்சியில் பில் போடுகிறேன், என் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இருக்கிறது, அதில் அந்தப் பாதிப் பணம் தொடாமல் இருக்கிறது. வட்டியோடு எவ்வளவு ஆகும் என்று சில நாள் கணக்குப் போட்டுப் பார்ப்பேன், பிறகு அவர் வந்தால் அதற்கும் ஏதாவது சண்டை வருமோ என்று பயந்து விட்டுவிடுவேன். கமிஷன் கிடையாது, பிடித்தம் கிடையாது. அவருக்கு நான் இன்னும் தரவேண்டியது மூவாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய்.